பஸ் என்று நம்பிப் பின்னால் போனேன்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை நேரம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருக்கும் வீட்டிலிருந்து கழக்கூட்டத்து ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது பைபாஸை அகலப்படுத்தி, நடுவே மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிகளும் நிற்கக் கூடாது, வேலையும் நிற்கக் கூடாது என்பது ஏற்பாடு. அதனால் ஒரு பக்கத்தைத் தோண்டும்போது மறு பக்கம் விடுவார்கள், பிறகு மாற்றுவார்கள். நேற்று போன வழியில் இன்று பள்ளம் இருக்கும். இதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு வேதவாக்கு உண்டு: பஸ்ஸின் பின்னாலேயே போ, டிரைவருக்கு வழி தெரியும். அதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று சொல்லி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் ஓசி டீ குடித்ததும் உண்டு.

அன்றைக்கு எதிரே எதுவும் தெரியாத மழை. ஹெல்மெட் கண்ணாடி வேறு ஆவி பிடித்துவிட்டது. முன்னால் பெரிதாக ஒரு வண்டி, பின்புறம் இரண்டு சிவப்பு விளக்குகள். பஸ்தான், வேறென்ன? ஒட்டிக்கொண்டேன். அது வலப்பக்கம் திரும்பியது, திரும்பினேன். மேட்டில் ஏறியது; ஏறினேன். 'அட, பாலத்தைத் திறந்துவிட்டார்களே, மந்திரி கூட வரவில்லையே' என்று ஒரே சந்தோஷம். கொஞ்ச தூரத்தில் அது ஓரங்கட்டி நின்றது. பாலத்தின் நடுவே எந்த பஸ் ஆள் இறக்கும் என்று யோசிக்கிற மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு விசில் அடித்துக்கொண்டு முந்தினேன்.

முந்தும்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். ஜன்னல்களே இல்லை, பெரிய உருளை ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கான்கிரீட் கலவை லாரி!

பிரேக்கைப் பிடித்தேன். வண்டி வழுக்கி விழுந்து, நானும் அதோடு தேய்ந்துகொண்டே போய் நின்றேன். எனக்கு முன்னால் வரிசையாகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால் பாலம் இல்லை. கீழே, சர்வீஸ் ரோட்டில், நான் பின்தொடர வேண்டிய பஸ்ஸின் கூரை நகர்ந்து போவது தெரிந்தது.

அப்போது என் மேல் வெளிச்சம் விழுந்தது. திரும்பினால், லாரியைத் தாண்டி ஓர் ஆட்டோ வந்துகொண்டிருக்கிறது. உள்ளே யூனிஃபார்ம் போட்ட குழந்தைகள். அதன் பின்னால் வரிசையாக இன்னும் விளக்குகள்.

எழுந்து ஓடினேனா, தவழ்ந்தேனா தெரியாது. மழைக்கோட்டைக் கழற்றி வீசிக்கொண்டு, தமிழிலும் மலையாளத்திலும் இரண்டிலும் சேராத ஒரு மொழியிலும் கத்தினேன். ஆட்டோ என் முழங்காலை உரசுகிற மாதிரி வந்து நின்றது.

"எந்தா அண்ணா, பஞ்சரா?" என்றார் டிரைவர்.

பாலம் முடிகிற இடத்தைக் கை காட்டினேன். இறங்கிப் போய் விளிம்பில் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தமிழும் மலையாளமும் கலந்து மெதுவாகச் சொன்னார்: "நான் உங்க லைட்டப் பாத்துதான் வந்தேன், கேட்டோ. ஆபீஸ் போற ஆளு, வழி தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அதற்குள் வேலையாள் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். லாரியை உள்ளே விடுவதற்காகத் தடுப்பை நகர்த்தியவர். மூடுவதற்குள் நாங்கள் நுழைந்துவிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "எய்யா, எங்க போறீரு? அங்க இன்னும் பாலம் போடலையே" என்றார். திட்டத் தொடங்கியவர், குழந்தைகளைப் பார்த்ததும் பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தப் போனார்.

மேலேறிய அத்தனை வண்டிகளும் ரிவர்ஸிலேயே இறங்க வேண்டியிருந்தது. முதலில் ஏறின புத்திசாலி யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நானும் கூட்டத்தோடு சேர்ந்து, "அதானே, யாரு?" என்று கேட்டு வைத்தேன். ஆட்டோவுக்குள்ளிருந்து ரெட்டை ஜடைக் குட்டி ஒருத்தி விரலை நீட்டி, "ஈ அங்கிள்", இந்த அங்கிள்தான், என்று காட்டிக்கொடுத்துவிட்டாள்.

இப்போது பாலத்தைத் திறந்துவிட்டார்கள், தினமும் அதில்தான் போகிறேன். அந்த இடம் வந்ததும் கை தானாக பிரேக்குக்குப் போகும். கண் முன்னால் பார்க்காமல் கண்ணாடியில் பின்னால் பார்க்கும். முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்று நான் நம்பியதைக்கூடச் சிரித்து மறந்துவிடலாம். எனக்கு வழி தெரியும் என்று நம்பி ஓர் ஆட்டோ நிறையக் குழந்தைகள் வந்ததை மட்டும் மறக்க முடியவில்லை.