தாழ்ப்பாள் சத்தம்

படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவள் வேலை. நடிகர் நடப்பது திரையில் தெரியும். காதில் கேட்பது, இருட்டறையில் மணல் தட்டின் மேல் பழைய பூட்ஸோடு அவள் மிதிப்பது. ஸ்டூடியோவில் அவளுக்குச் ‘சத்தக்கா’ என்று பெயர். வீட்டில் வாயே திறக்காதவளுக்கா இந்தப் பேர் என்று கணவன் கிண்டல் செய்வான். அவன் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு வலது காது கேட்காது. தினமும் அவன் கடந்துபோகிற சோதனைச் சாவடியில் ராணுவக்காரர்கள் நிற்பது அந்தப் பக்கம்தான்.

அவள் வேலை செய்த போர்ப்படத்திலும் ஒரு சாவடி வந்தது. ஒரு வண்டி அதை நோக்கி வரும். ‘நில்லு’ என்ற கூச்சல், வானத்தைப் பார்த்து ஒரு வெடி, டயருக்கு ஒரு வெடி, கடைசியில்தான் ஆள் மேல் என்று எல்லாவற்றுக்கும் அவள் சத்தம் சேர்த்திருந்தாள். விதி அப்படித்தான் என்று, ராணுவத்தில் இருந்த அவள் தம்பி சொல்லியிருந்தான். இயக்குநர் பார்த்துவிட்டுக் கடைசி வெடிக்கு முன்னால் வருவதையெல்லாம் தூக்கச் சொன்னார்.

“இப்படிக் கத்திக்கிட்டே இருந்தா ஹீரோவாக்கா அவன்? பஸ் கண்டக்டர் மாதிரில்ல இருக்கான்.”

அறையே சிரித்தது, அவளும் சிரித்தாள். கூச்சலுக்குப் பதிலாகத் துப்பாக்கியின் பூட்டு விடுபடும் ‘க்ளிக்’ ஒன்று போதும் என்றார். வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டுபோய் அதைச் செய்தாள். நன்றாகத்தான் வந்தது. வீரம் என்றால் யோசிக்காமல் சுடுவது என்று நம்பவைக்கிற அளவுக்கு நன்றாக.

படம் ஓடியது. சாவடிக்குப் புதிதாக வந்திருக்கிற சிப்பாய்கள் அந்தக் காட்சியைச் செல்போனில் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள், ஒருத்தன் ஹீரோ மாதிரியே கழுத்தைச் சாய்த்து நிற்கிறான் என்று கணவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கத்த வேண்டும் என்பதையே மறந்தவன் ஒரு பக்கம். கத்தினாலும் கேட்காதவன் ஒரு பக்கம்.

மறுநாள் காலை வேனில் அவளும் ஏறி உட்கார்ந்தாள். எனக்கே காவலா என்று கேட்டுவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

சாவடி தெரிந்தது. கழுத்தைச் சாய்த்தபடி ஒருவன் நின்றிருந்தான். கை உயரவில்லை, வாய் அசையவில்லை. துப்பாக்கி மட்டும் மெல்ல மேலே வந்தது. ‘க்ளிக்’ என்றது.

“நிறுத்துங்க” என்று கத்தியபடி கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பின்னால் ரொட்டித் தட்டுகள் சரிந்தன. தடுப்புக்கு வெகு முன்னாலேயே வேன் குலுங்கி நின்றது.

அந்தச் சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான்.

“என்னண்ணே, நான் இன்னும் நிறுத்தவே சொல்லலையே. சும்மா குறி பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அண்ணி ரொம்பப் பயந்துட்டாங்க போல என்று சொல்லித் தடுப்பைத் தூக்கிவிட்டான்.

சாவடி தாண்டியதும் கணவன் வேகத்தைக் குறைத்தான். பிறகு கேட்டான்: “எதைக் கேட்டு அப்படிக் கத்துன?”

“க்ளிக்னு கேட்டுச்சுங்க.”

“இந்த இன்ஜின் சத்தத்துலயா?”

கேட்டிருக்க முடியாது. இவ்வளவு தூரத்தில், மூடிய கண்ணாடிக்குள், எந்தத் துப்பாக்கியும் அப்படிக் கேட்காது. அவளுக்குக் கேட்டது அவள் வீட்டுத் தாழ்ப்பாள். செய்தவளுக்கே அது கேட்டதென்றால், துப்பாக்கி பிடித்திருந்தவனுக்கு என்னவெல்லாம் கேட்டிருக்கும்?

அவள் பின்னால் திரும்பிச் சரிந்த தட்டுகளை நேராக்கினாள். சாயங்காலம் திரும்பி வருவதற்கும் அதே வழிதான்.