மிளகாய்க்குப் பிறகு அரைத்த பொடி

என் மிஷினில் மிளகாய் அரைக்க மாட்டேன். மல்லியும் அரைக்க மாட்டேன். சீயக்காய், குளிக்கிற பொடி, இந்த இரண்டு மட்டும்தான். இதற்காகக் கள்ளக்குறிச்சியில் என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் நான் கூச்சப்படுகிறவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான். எழுந்து நின்று படி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் மிளகாய் விஷயத்தில் மட்டும் யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

அதற்குக் காரணமான விஷயம், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் பெரிய போராட்டம் நடந்த வருஷம் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைத்தெருவில் ஓர் அரவை மில்லில் வேலை பார்த்தேன். அங்கே இரண்டு மிஷின். பெரியதில் மிளகாய், மல்லி. சின்னதில் சீயக்காயும் குளிக்கிற பொடியும். சின்ன மிஷினுக்கு நான். சீயக்காய் அரைக்க ஆள் கிடைப்பது கஷ்டம். நாள் முழுக்கத் தும்மல், கண் எரிச்சல். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஐந்து வருஷத்தில் என் மூக்கு எந்த வாசனையையும் பிடிக்காமல் போய்விட்டது. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

மூக்கு போனாலும் காதும் கையும் இருந்தன. கல்வராயன் மலையிலிருந்து கரியாலூர்க்காரர்கள் சாக்கில் கொண்டுவரும் சீயக்காயை ஒரு கை அள்ளிக் குலுக்குவேன். உள்ளே விதை ஆடுகிற சத்தத்தை வைத்தே காய்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆவாரம்பூவை நிழலில் உலர்த்தியிருந்தால் மஞ்சள் அப்படியே நிற்கும். வெயிலில் போட்டால் பழுப்பாகிவிடும். ரோஜா இதழை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு அரைத்தால் மிஷினில் அப்பிக்கொள்ளும், ஒரு மாதத்தில் பொடியில் வண்டு வரும். அப்படி இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பையை அவர்கள் பக்கம் தள்ளி வைப்பேன். "ஊமைக்கு இன்னா திமிரு பாரு" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் எடுத்துப் போய் மறுபடியும் காயவைத்துக் கொண்டுவருவார்கள்.

போராட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் வண்டி ஓடாது, ரோட்டில் மரத்தை வெட்டிப் போடப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அன்று சாயந்திரம் மில்லில் நிற்க இடமில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய மிஷினின் பெல்ட் அறுந்தது. முதலாளி பெல்ட் தேடி ஓடினார். எங்கள் எதிர் வீட்டு அம்மா மிளகாய்ப் பையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அரைக் கிலோதான். உன் மிஷின்ல போட்டுக் குடு."

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"இன்னா தலைய ஆட்டற? ஒரு வாரம் என் வூட்ல கொழம்பு வாணாமா?"

"அரைச்சிக் குடுய்யா. அந்தம்மா நகர்ந்தாதான எங்களுக்கு வழி" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அரைத்துக் கொடுத்துவிட்டேன்.

பிறகு இரண்டு படி தவிட்டைப் போட்டு மிஷினை ஓட்டினேன். சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். மிஷின் வாயில் கால்சட்டைக் கால் போல ஒரு நீளத் துணி கட்டியிருப்போம். பொடி அதன் வழியாகத்தான் டின்னில் இறங்கும். அதைக் கழற்றி உதறியிருக்க வேண்டும். கூட்டத்தில் உதறவில்லை.

அடுத்து வந்தவர் தியாகதுருகத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த பாய். மாதம் ஒரு முறை வருவார். அவர் கொண்டுவருகிற சரக்கை நான் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு பக்குவமாகக் காய்ந்திருக்கும். அன்று தகர டின்னில் பயத்தம்பருப்பு, ஆவாரம்பூ, ரோஜா, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் கலந்து கொண்டுவந்திருந்தார்.

"நாளைக்கு என் பேத்திக்கு நாப்பதாம் நாளுப்பா. மத்தியானத் தொழுகைக்கு முந்தி தாய்க்கும் புள்ளைக்கும் தண்ணி ஊத்தணும். நைஸா அரை. கைக்கொழந்த தோலு."

அரைத்தேன். மஞ்சளும் ரோஜாவும் சேர்ந்த பொடியில் மிளகாய்ச் சிவப்பு எங்கே தெரியும்? மூடியை அழுத்தி மூடிக்கொண்டு அவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். அவரோடு கரண்டும் போனது. பெல்ட் தேடிப் போய்த் திரும்பிய முதலாளி மில்லைப் பூட்டச் சொன்னார்.

பூட்டுவதற்கு முன்னால் துணியைக் கழற்றி உதறினேன். அதில் தங்குகிற ஒரு கைப் பொடி அரைக்கிறவனுக்கு. அது மில் வழக்கம். காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

காலையில் அதைத்தான் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசினேன். இரண்டு தேய்ப்பு தேய்ப்பதற்குள் கண்ணிமை பற்றிக்கொண்டது. தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கினேன். எரிச்சல் போகவில்லை. என் மனைவி சமையற்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"இன்னா இது, மூஞ்சி தக்காளி மாரி கீது?"

"பாய் பொடி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து விஷயத்தை வாங்கினாள். வாங்கி முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"பொழுது விடியறதுக்குள்ளயே மரத்தை வெட்டிப் போட்டுட்டாங்களாம். போறவன வர்றவன அடிக்கிறாங்களாம். நீ எப்படிப் போவ?"

"போறேன்."

"அரிசி மண்டியில போன் கீதே."

அங்கேதான் முதலில் போனேன். மரம் சாய்ந்து கம்பி அறுந்து போன் செத்துக் கிடந்தது. தியாகதுருகம் பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர். மற்ற நாளில் சைக்கிளில் ஒரு மணி நேரம். முதலாளியிடம் சொல்லாமலேயே கிளம்பினேன். சொன்னால் தடுப்பார், தடுத்தால் நான் நின்றுவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

ஊர் தாண்டியதும் முதல் மரம். ரோட்டை அடைத்து ஒரு புளியமரம். ஆள் யாரும் இல்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக் கிளைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் இறங்கினேன். சட்டை கிழிந்தது. இன்னும் ஒரு மரம், பிறகு இன்னொன்று. நான்காவது மரத்தையும் அப்படியே தாண்டி இறங்கியபோது அந்தப் பக்கம் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ், நில்லு. எங்க போற?"

எனக்கு வாய் வரவில்லை.

"கேக்கறாங்கல்ல? மூஞ்சி ஏன் செவந்துகினு கீது? யாராண்ட அடி வாங்கின?"

"போலீசுக்குச் சேதி கொண்டுகினு போறான்டா. பாரு, வாயே தொறக்க மாட்றான்."

ஒருவன் குனிந்து பின்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டான்.

"எந்த ஊரு? எந்தத் தெரு?"

தெருவைக் கேட்டால் மற்றதையும் கேட்டதாகத்தான் அர்த்தம். எங்கள் தெரு அவர்கள் தெரு இல்லை. பொய்யாக ஒரு தெருவை யோசிக்க நேரமில்லை என்பதால் உண்மையைச் சொன்னேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தியாகதுருகத்துல இன்னா வேலை உனக்கு?"

"பொடி."

"இன்னா பொடி?"

"குளிக்கிற பொடி."

சிரித்தார்கள். "ஊரே ரோட்ல குந்திகினு கீது. இவருக்கு மேலுக்குப் பூசிக் குளிக்கணுமாம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நான் நின்றால் அங்கே குளிப்பாட்ட வெந்நீர் காய்ந்துவிடும். அந்த நினைப்பு வந்ததும் தொண்டை திறந்துகொண்டது.

"குளிக்கிற பொடியில மிளகா கலந்துட்டேன். நான்தான் அரைச்சேன். நாப்பது நாள் கொழந்தைக்கு மத்தியானத்துக்குள்ள பூசப்போறாங்க. நான் போவணும்."

சிரிப்பு நின்றது. கிளைமேல் உட்கார்ந்திருந்த தலைப்பாக்காரர் இறங்கி என் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இது அந்தப் பொடிதானா?"

"ஆமாங்க."

"எவன்டா காத்தைப் புடுங்கினது?" என்று அவர் திரும்பினார். பம்ப் யாரிடமும் இல்லை. "சைக்கிள இங்க வுட்டுட்டு ஓடு. எவனும் தொட மாட்டான்."

ஓடினேன். மூச்சு வாங்கினால் நடந்தேன். இன்னும் மூன்று இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். முதல் இரண்டு இடத்தில் கேட்டதும் சொன்னேன். கடைசி இடத்தில் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே தூரத்திலிருந்து கத்திக்கொண்டே போனேன். விலகி வழி விட்டார்கள். தியாகதுருகத்துக் கோட்டை மலை தெரிந்தது. ரொம்ப நேரம் அது அதே தூரத்தில் நின்றதுபோல் இருந்தது.

பாயின் கடை பூட்டியிருந்தது. பக்கத்துச் சந்தில் வீடு. வாசலில் திரைச்சீலை தொங்கியது. உள்ளே பெண்கள் குரல், அண்டாவில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம். ஆம்பளை யாரும் இல்லை. வேறு நாளாக இருந்தால் ஓர் ஆள் வரும்வரை எதிர் சுவரோரம் நின்றிருப்பேன்.

"அந்தப் பொடியைப் போடாதீங்க" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரது?"

"கள்ளக்குறிச்சி மில்லு. பொடியில மிளகா கலந்துபோச்சு."

உள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல். "அதான் கை எரியுதுன்னு அப்பலேந்து சொல்லிகினு கீறேன். பன்னீர் ஊத்திக் கொழைச்சா எரியும்னு சொன்னீங்களே."

"கொழந்தைக்கு?" என்றேன்.

"இன்னும் வைக்கல. கொழைச்சி வச்சதோட சரி."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆள் விட்டு அழைத்ததும் பாய் வந்தார். என்னைப் பார்த்தார், கிழிந்த சட்டையைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எதிர் வீட்டு அம்மாவின் பெயரை இழுக்கவில்லை. முடியாது என்று சொல்லாதவன் நான்தானே. அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"நடந்தா வந்த?"

"பாதி ஓட்டம்."

"சரி, வந்துட்டல்ல. தண்ணி குடி. வெறும் பயத்தமாவு போட்டுக் குளிப்பாட்டிக்குவாங்க."

"வாணாம் பாய். உரலு இருக்குதா?"

"இருக்கு. ஏன்?"

"சரக்கு எடுத்துக் குடுங்க. இடிச்சிக் குடுத்துட்டுதான் போவேன்."

அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. கடையைத் திறந்து ஆவாரம்பூவும் ரோஜாவும் பூலாங்கிழங்கும் மஞ்சளும் கொண்டுவந்தார். பருப்பு வீட்டிலேயே இருந்தது. கையைப் புளியும் எண்ணெயும் போட்டு மூன்று முறை கழுவினேன். என் சட்டையில் என்ன ஒட்டியிருக்கிறதோ என்று அதையும் கழற்றிவிட்டு அவர் கொடுத்த துண்டைக் கட்டிக்கொண்டேன். உரலை வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்தார்கள். முற்றத்தில் நின்று இடித்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து பெண்கள் யோசனை சொன்னார்கள்.

"பருப்பு இன்னும் கொரகொரன்னு கீது பாரு."

"ஆம்பள இடிக்கிறாரு, அந்த மட்டும்தான் வரும்."

"மில்லுக்காரரே, உலக்கைய நேரா போடுங்க."

"போடறேங்க" என்றேன். முகம் தெரியாத பெண்களுக்குப் பதில் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மெல்லிய மல் துணியில் சலித்தேன். துணியில் தங்கிய கப்பியை மறுபடி இடித்து மறுபடி சலித்தேன். கடைசியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் குழைத்து என் கன்னத்தில் வைத்தேன். காலையில் வெந்து சிவந்த கன்னம், துளி மிளகாய் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நூறு வரை எண்ணினேன். எரியவில்லை. இன்னொரு கன்னத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைக் கதவடியில் தள்ளினேன்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பயப்படாதீங்க. தண்ணிக்கு அழுவுது" என்றது உள்ளிருந்து அந்தச் சின்னப் பெண்ணின் குரல்.

பிறகு தொழுகைக்கு அழைக்கிற சத்தம் கேட்டது. பாய் தொழுதுவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டார். இரவு தங்கச் சொன்னார். மனைவி தேடுவாள் என்று சொல்லிவிட்டு, அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மிளகாய் கலந்த டின்னை நானே வாங்கிப் போய் ஊருக்கு வெளியே குழி தோண்டிக் கொட்டினேன்.

காலையில் கடந்த இடங்களில் என்னை அடையாளம் கண்டு, "மிளகாப்பொடி திரும்பி வராருடா" என்றார்கள். தலைப்பாக்காரர் இருந்த மரத்துக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. என் சைக்கிள் கிளையில் சாய்த்தபடியே நின்றது. எங்கிருந்து பம்ப் கிடைத்ததோ, பின்சக்கரத்தில் காற்று இருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"கொழந்த?" என்றார் அவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குளிச்சிடுச்சிங்க. ஒண்ணும் ஆவல."

அவர் தலையாட்டிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். நான் சைக்கிளைத் தூக்கி விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏற்றினேன். காலையில் காற்றைப் பிடுங்கினவன் அந்தப் பக்கம் போய் நின்று அதை வாங்கி இறக்கினான்.