கழுவிய திராட்சை

சந்தாபுரா பக்கத்தில் ஒரு லேபில் என் மனைவிக்கு உதவியாளர் வேலை கிடைத்தது முருகன் போட்ட பிச்சை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பழங்களில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்கிற இடம் அது. வருகிற பழத்தைப் பிரித்து, வெட்டி, அரைக்கிற மெஷினுக்குத் தயார் செய்து வைப்பது அவள் வேலை.

சேர்ந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் முகம் வாடி வந்தாள். சாமி விளக்கைக்கூட ஏற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாக விசாரித்தேன். மறுநாள் அரைக்க வேண்டிய திராட்சையைக் குழாயடியில் நன்றாக அலசி வைத்துவிட்டாளாம். கழுவக் கூடாது, வந்தபடியே அரைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கழுவாத பழம் சாமி முன்னால் போனதே கிடையாது. சொன்னது அவள் மண்டையில் ஏறியது, கைக்கு ஏறவில்லை.

"யாரும் பாக்கலைங்க. இந்நேரம் ஈரம்கூட காஞ்சிருக்கும்."

புது ஆள், தெரிந்தால் நிறுத்திவிடுவார்களே. இந்த வேலைக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தவள் அவள்.

"என்ன பண்ணப் போற?"

"சொல்லிடப் போறேன். மருந்து இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா, அத நம்பி யார் வீட்டுப் புள்ளையாவது சாப்பிடும்ல."

விளக்கை நானே ஏற்றினேன்.

காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். கிளம்ப மனசு வரவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வருவாளோ என்று பயம். வந்தாள். கையில் பை இல்லை. தலையில் லேப் தொப்பி.

அவளுக்கு மேலே இருக்கிற லேப் மேடம் சின்ன வயசுப் பெண்தான், கன்னடக்காரர். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாராம், அப்புறம் சிரித்துவிட்டாராம். "அக்கா, நீங்க கழுவி விட்டதத்தானே நாங்க தேடுறோம்!" பழம் வந்தவுடனேயே ஒரு பங்கைத் தனியாக ஃப்ரீசரில் வைத்துவிடுவது அங்கே வழக்கமாம். அதை எடுத்து அரைக்கச் சொல்லிவிட்டாராம்.

"வேலை?" என்றேன்.

"வேலைக்கென்ன, மாதுளை வந்து குவிஞ்சிருக்கு. நீங்க இன்னும் இங்கயா நிக்கிறீங்க? கிளம்புங்க."

"அதையாவது கழுவாம வையி."

முறைத்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் என்னை ஒரு தடவைகூட முறைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.