வைதேகி மேடம் வெட்டவிடாத காட்சி

வைதேகி மேடம் தவறிவிட்டார் என்ற சேதி வந்தபோது மந்தைவெளியில் ஒரு பந்தலுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். நொடித்த கடைகளுக்கு வந்து யோசனை சொல்லும் டிவி நிகழ்ச்சியில் அவரைப் பார்த்திருப்பீர்கள். என் வாடகைப் பந்தல் கடைக்கும் வந்தார். நான் செய்யாற்றுப் பக்கத்து ஆள். அங்கே கடை நொடித்தால் ஊரே ஆளுக்கொரு யோசனை சொல்லும், கேமராதான் இருக்காது. அது கிடக்கட்டும்.

"உங்க பேர் எங்கயுமே இல்லையே? எல்லா சேர் முதுகுலயும் கடைப் பேர் போடுங்க. கீழே 'நன்றி, மீண்டும் வருக'ன்னு எழுதுங்க" என்றார். எழுதினோம்.

பெயின்ட் காய்ந்த கையோடு சாந்தோம் பக்கத்துச் சந்தில் ஒரு சாவு. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் நாங்கள் பேச்சு வளர்க்க மாட்டோம். இருப்பதை ஏற்றிக்கொண்டு ஓடுவோம். திரும்பும்போது 'வருகிறேன்' என்றுகூடச் சொல்ல மாட்டோம். அன்று மேடமும் படக்குழுவும் கூடவே வந்தார்கள். நாற்காலிகளைப் போட்ட பிறகுதான் இறந்தவரின் மகன் அவற்றின் முதுகில் இருந்த 'மீண்டும் வருக'வைப் படித்தான்.

"யோவ், இன்னா எய்திக்கினு வந்துகீற? இந்த வூட்ல இன்னொரு சாவு உழணுமா?"

என் சட்டையைப் பிடித்துவிட்டான். சந்தே திரண்டது. "கடைக்காரர் முகத்துக்குப் போ" என்று டைரக்டர் கேமராக்காரரிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

மேடம் நடுவில் வந்து நின்றார். "என் முகத்தை எடுங்க. எழுதச் சொன்னது நான். தம்பி, அவரை விடுப்பா. யோசிக்காம சொன்னவ நான்தான்."

விட்டான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு வீடும் என்னைக் கூப்பிடவில்லை. இருந்த கொஞ்சப் பிழைப்பும் போயிற்று.

அந்தக் காட்சியை வெட்டிவிடலாம் என்று டைரக்டர் என் கடையில் வைத்தே சொன்னார். "உங்க பேர் கெட்டுடும் மேடம்."

"இவர் பேர் கெட்டாச்சே? வெட்டினீங்கன்னா அடுத்த கடைக்கு நான் வரல."

காட்சி வெட்டாமலே ஒளிபரப்பானது. மறுநாள் காலை அந்த மகனே வந்து நின்றான். அடிக்க வந்தான் என்றே நினைத்தேன்.

"மாமா, டிவில பாத்தேன். பக்கத்து வூட்ல கண்ணாலம். எய்துன சேரையே எடுத்துக்கினு வா, அங்க பொருந்தும்."

போன வாரம் அடையாற்றில் ஒரு வளைகாப்பு. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கட்டியவன் என் மைத்துனன். "யாருய்யா கட்டினது?" என்று வீட்டுக்காரர் கத்தினார். மைத்துனன் வெளிறிப்போனான்.

"நான்தான் சார், பாக்காம விட்டுட்டேன்" என்று என் வாய் முந்திக்கொண்டது. மேடத்திடமிருந்து எனக்குத் தங்கியது அது ஒன்றுதான்.