பந்து உருளாத தரை

லிந்துலைப் பக்கத்தில் என்னைப் போல ஒரு கோல்கீப்பர் இருந்ததில்லை. பொய். நான் கோல் கம்பத்துக்கிடையில் நின்றதே இல்லை. அடித்த பந்து சரிவில் உருண்டு, தேயிலைக்குள் ஓடி, ஆற்றில் விழும். அதை எடுத்து வருவதுதான் என் ஆட்டம். மற்றவர்கள் ஒரு மணி நேரம் ஓடினால் நான் இரண்டு மணி நேரம் ஓடியிருப்பேன்.

அதனால்தான் மட்டமான இடம் வேண்டும் என்று முதலில் கத்தியவன் நான். நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் அப்போது பேச்சே கிடையாது. ஞாயிறு என்றால் சாராயம், அப்புறம் கத்தி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற எங்கள் கேப்டன் இரண்டு லயத்திலும் வாசல் வாசலாகப் போய் ஆள் சேர்த்தார். தேயிலை பிடிக்காத ஒரு கல்மேட்டை, ஞாயிறு ஞாயிறாக, மண்வெட்டியும் அலவாங்குமாக வெட்டி மட்டமாக்கினோம். அங்கே ஆடிய நாள் வரைக்கும் ஒருத்தன் மண்டை உடையவில்லை. முட்டி உடைந்தது, அது ஆட்டத்தில்.

ஒருநாள் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பந்தை நடுவில் வைத்துக் கையை எடுத்தேன். அசையவில்லை. "பாருங்க தொரை, உருளவே உருளாது" என்று நாலு மூலையிலும் வைத்துக் காட்டினேன். தொரை சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். ஒரு வாரம் அந்தத் தோளைக் கழுவாமல் திரிந்தேன், மடையன்.

அடுத்த வாரம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், எங்களை மேய்க்கிற கண்டாக்கு அறிவித்தார். அந்த இடம் இனிமேல் தொரைமார் டென்னிஸ் ஆடுவதற்காம். வேலி வருமாம். மற்றத் தோட்டத்துத் தொரைமாரும் வந்து ஆடினால் தோட்டத்துக்குப் பெயராம்.

"பேரு யாருக்குங்க வேணும்? நாங்க வெட்டுன எடத்த விட்டுருங்க" என்றார் கேப்டன்.

"ஒங்களுக்கு ஓடுறதுக்குத்தான் மலை பூரா கெடக்கே" என்றார் கண்டாக்கு.

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். யாருக்கு ஐயா? டென்னிஸ் கோப்பை பங்களா அலமாரியில் ஏறிய வருஷமே இங்கே மறுபடி கத்தி வெளியே வந்தது. கேப்டனின் தம்பிக்கு இரண்டு விரல் போயிற்று. வேலி போட்டவர்களைக் கேட்டால், கூலிக்காரன் குடிகாரன், அப்படித்தான் இருப்பான் என்பார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே விளங்குவது, படித்த தொரைக்கு விளங்காமலா போயிருக்கும்? விளங்கித்தான் எடுத்தார்.

கேப்டன் விடவில்லை. போன வருஷம் புதிய தொரையிடம் அனுமதி கேட்டு, மயானத்துக்குக் கீழே இன்னொரு துண்டை வெட்டினோம். தொரை பார்க்க வந்த அன்று கேப்டன் என்னைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். சரியான காரியம்தான். முதல் ஆட்டத்தன்று, வெட்டு வாங்கிய அந்தத் தம்பியும், வெட்டியவனும் ஒரே பக்கத்தில் இறங்கி...

கேப்டனின் மனைவி வாசலில் நின்று கூப்பிடுகிறார்.

"அண்ணே, எழுதுனது போதும். ஆபீஸ்ல இருந்து புது எடத்தையும் அளக்கச் சங்கிலியோட வந்துட்டாங்க. ரெண்டு லயத்து ஆளும் கோல் கம்பத்துக்கிட்ட மறிச்சு உக்காந்தாச்சு. வாங்க."