பால்வாடியில் என்ன நாற்றம்

பயிற்சியின் முதல் நாளே எனக்கும் சொல்லிக்கொடுக்கிற சாருக்கும் முட்டிக்கொண்டது. மீஞ்சூரில் தீப்பிடித்து எரிந்துபோன ஒரு துணிக்கடையின் பின்பக்கம்தான் எங்கள் வகுப்பு. வெள்ளம் புகுந்த வீடு, நெருப்பு தின்ற கடை, ஒழுகிப் பூஞ்சை பிடித்த ஆபீஸ் என்று கெட்டுப்போன கட்டடங்களிலிருந்து நாற்றத்தை எடுப்பது எப்படி என்று ஐந்து நாள் சொல்லிக்கொடுத்தார்கள். சார் சென்னைக்காரர். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. வந்ததும் ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டார். பழவேற்காடு ஏரிக்கரை, கையால் இறால் பிடிக்கிற குடும்பம் என்று சொன்னேன்.

"அப்ப கொஞ்சம் கஷ்டம்தாம்மா. உங்க பக்கத்து ஆளுங்களுக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். சில நாத்தம் தெரியவே தெரியாது."

"இன்னா சார், வந்து ஒக்காந்து அஞ்சு நிமிஷம் ஆவல. அதுக்குள்ள எம்மூக்கு செத்துப்போச்சுன்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அனுப்பம்பட்டுப் பெண், நெல் விளைவிக்கிற வீட்டுக்காரி, நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதையும் பார்த்தேன்.

அப்போதே எழுந்து வந்திருப்பேன். வராததற்குக் காரணம் எங்கள் பால்வாடி. மழையில் ஏரி பொங்கி எங்கள் குப்பத்துக்குள் ஏறியபோது, அந்த ஒற்றை அறைக் கட்டடத்தில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு உள்ளே கால் வைக்க முடியவில்லை. பால்வாடிகளை மேற்பார்வை பார்க்கிற அதிகாரி மேடம் வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். அடுத்த மாதத்துக்குள் நாற்றம் போகாவிட்டால் இந்தப் பால்வாடியை மூடிவிட்டு, கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்ப் பால்வாடியோடு சேர்த்துவிடுவோம் என்றார். அந்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் லாரி ஓடுகிற சாலையில் அரை மணி நடக்க வேண்டும். நாங்கள் விடிந்ததும் ஏரியில் இறங்குகிறவர்கள். பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. முட்டையும் பருப்புச் சோறும் பாட்டும் இல்லாமல் கரையில் நண்டு வளையை நோண்டிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான்.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு கற்றேன். சார் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அதை இல்லை என்று சொல்லக் கூடாது. நாற்றத்தின் மேல் பினாயிலைக் கொட்டாதே, அது போர்வை போர்த்துகிற வேலை. எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடி, அந்தப் பொருளை வெளியே எடு. பிறகு கழுவு, காய வை, அதற்கப்புறம்தான் மிச்ச நாற்றத்தை முறிக்கிற ஓசோன் மிஷின். துணிக்கடையில் சுவருக்குப் பின்னால் உருகிக் கிடந்த ஒயரை மோந்தே கண்டுபிடித்தது நான்தான். சார் தலையை மட்டும் ஆட்டினார். கடைசி நாள் ஒரு விதி சொன்னார். சுத்தம் செய்தவர் தானே நாற்றம் போய்விட்டது என்று சொல்லக் கூடாது. அந்த இடத்தில் வாழ்கிறவரும் சொல்லக் கூடாது. வெளியாள் ஒருவர் வந்து மோந்து பார்க்க வேண்டும். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடி வைத்தேன்.

பால்வாடி விஷயத்தைச் சொன்னதும், கழுவிக் காய வைத்த பிறகு வந்து ஓசோன் மிஷினை இரண்டு நாள் எடுத்துப்போகச் சொன்னார். "வெளியாள மறந்துடாதம்மா," என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு அந்த விதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் முதுகு ஒடிய வேலை செய்தேன். ஊறிப்போன பாயையும் மர பொம்மையையும் அள்ளி வெளியே போட்டேன். உப்பிப்போன சுவர்ப் பூச்சைச் சுரண்டினேன், தரையைத் தேய்த்தேன், பீரோவை உள்ளும் வெளியும் துடைத்தேன். காய்ந்த பிறகு கதவைச் சாத்தி, ஒருத்தரையும் கிட்டே விடாமல் மிஷினை ஓட்டினேன். அப்புறம் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். முடிந்ததும் குப்பமே திரண்டு வந்து மோந்து பார்த்தது. எங்கள் நைனா கண்ணை மூடிக்கொண்டு நாலு மூலையிலும் மூச்சு இழுத்தார்.

"ஒண்ணியும் இல்லமே. கல்யாண வூடு மாதிரி கீது," என்றார்.

மேடம் வந்தார். வாசல்படியிலேயே கைக்குட்டை மூக்குக்கு ஏறியது. உள்ளே இரண்டு அடி வைத்தார், திரும்பினார்.

"எறா நாத்தம் கொடலப் புடுங்குது. இதுல எப்படிம்மா கொழந்தைங்கள ஒக்கார வெக்கிறது?"

"மேடம், நாங்க அத்தினி பேரும் மோந்து பாத்தோம். எந்த நாத்தமும் இல்ல."

"உங்களுக்குத் தெரியாது," என்றார். சார் சொன்ன அதே வார்த்தை. இன்னும் ஒரு வாரம் கழித்து வருவேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று நான் கத்திய கத்தலில் கரையில் இருந்த நாய்கூட எழுந்து போய்விட்டது. எறா நாத்தமாம். பொன்னேரி மார்க்கெட்டில் எங்கள் இறாலைப் பொறுக்கிப் பொறுக்கி வாங்கும்போது அந்த மூக்கு எங்கே போயிருந்தது? எங்கள் மேல் இருக்கிற வெறுப்பை அந்தச் சுவர் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்று பேசினேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆனால் எனக்குள்ளே சாரின் விதி குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல், நாற்காலியைத் தள்ளிப் போட்டவளுக்கே போன் செய்தேன்.

அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெளியே நின்று நன்றாகக் காற்று வாங்கிவிட்டு உள்ளே போனாள். ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, நேராகப் பீரோவுக்குப் போய் முட்டி போட்டாள்.

"அக்கா, இதுக்கு அடியில."

"அத நானே ரெண்டு வாட்டி தொடச்சேன்."

"அடித்தட்டுக்குக் கீழ ஒரு சந்து இருக்குமே, அது?"

இரண்டு பேரும் பீரோவைச் சாய்த்தோம். அடியில் தகர மடிப்புக்குள்ளிருந்து கறுப்பாகச் சரிந்து விழுந்தது. பொடி இறால், அழுகிக் காய்ந்து சேறோடு சேர்ந்து ஒரு கூடை இருக்கும். வெள்ளத்தோடு வந்து அடைந்துகொண்டது. அவள் வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். நான் அதைக் கையில் அள்ளிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த வாசனை எனக்குத் தெரியாமல் இல்லை. பத்து நாளும் மோந்துகொண்டுதான் இருந்தேன். தண்ணீருக்குள் இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிக்கிறோம், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்போம். நாள் முழுக்க மூக்குக்குக் கீழே அந்த வாசனைதான். வீட்டுக்கு வந்தால் அடுப்பிலும் அதுதான், கூரையில் காய்வதும் அதுதான். புகை, சாக்கடை, பூஞ்சை, செத்த எலி எல்லாவற்றையும் தேடித் தேடி மோந்தேன். இறாலை நாற்றக் கணக்கில் சேர்க்கவே எனக்குத் தோன்றவில்லை. குப்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சார் சொன்னது சரி, மேடம் சொன்னதும் சரி. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இந்த முறை திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

பீரோவையே வெளியே தூக்கிப் போட்டோம். தரையை மறுபடி தேய்த்தோம். சாரிடம் நடந்ததைச் சொல்லி மிஷினை மறுபடி வாங்கி வந்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அனுப்பம்பட்டுக்காரி மறுநாளும் வந்து மோந்து பார்த்து, போய்விட்டது என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

மேடம் வருகிற நாளில் ஒரு வேலை செய்தேன். நான் உட்பட யாரும் பால்வாடிக்குக் கிட்டே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அனுப்பம்பட்டுக்காரி மட்டும் கதவைத் திறந்துவிட்டாள். மேடம் கைக்குட்டையோடுதான் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அதை இறக்கினார். மூலை மூலையாகப் போனார், கடைசியில் மேசை மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப நல்லா இருக்கு. ஒரு நாத்தமும் இல்ல. இங்கயே நடத்தலாம்," என்றார்.

அவள் காகிதத்தை வெளியே கொண்டுவந்து என் கையில் கொடுத்த பிறகு எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஏரியிலிருந்து அப்போதுதான் ஏறிய அம்மாக்கள் ஈரப் புடவையோடு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். தலைவாரிப் பொட்டு வைத்த பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேடத்தின் கை பையைத் திறந்தது. கைக்குட்டை மறுபடி மூக்குக்குப் போனது.

"மேடம், கையெழுத்து போட்டுட்டீங்க. இப்ப எது நாறுதுன்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுக்கவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் மேடத்தை அண்ணாந்து பார்த்தாள். அது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்தாள் போல. சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிக் காட்டினாள். பக்கத்துப் பிள்ளையும் பிடித்துக்கொண்டது.

ஓடிப்போய் அவள் கையை எடுத்துவிட்டேன். சிரித்தபடி மறுபடி பிடித்துக்கொண்டாள்.