பதினோரு பூட்டுக்குள் டெல்மர்

டெல்மர் ட்வெய்ட்டைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் எங்கள் டில்லன் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கரடியைக்கூடத் திட்டியே விரட்டுவான். அப்பேர்ப்பட்டவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு கேம்பர் வாங்கினான். அன்றோடு அவன் நிம்மதி போயிற்று.

பிக்கப் வண்டியின் முதுகில் உட்காரும் பெட்டி அது. கூரையை உயர்த்தினால் துணிச்சுவர் விரிந்து சின்ன வீடாகிவிடும். இறக்கினால் ஜன்னல்கூட மடங்கிப்போய் வெறும் பெட்டிதான். எல்க் ஏரிக்கரையில் அதில் படுத்துத் தூங்கவேண்டும் என்பது அவன் மனைவி லோர்னாவின் ஆசை. ஆனால் பெட்டியை வண்டியோடு பிணைக்கும் திருகுகளைக் கையாலேயே கழற்றிவிடலாம் என்று தீவனக் கடையில் எவனோ சொல்லித் தொலைத்தான். நாலு திருகுக்கும் டெல்மர் பூட்டுப் போட்டான். பிறகு கூரையின் ஆறு கொக்கிகளுக்கும். அதுவும் போதாதென்று, போல்ட்டுகளின் தலையை அரத்தால் தேய்த்து எந்த ஸ்பேனருக்கும் பிடிகொடுக்காமல் செய்தான். இதற்குள் இரண்டு கோடைகள் போயின. கேம்பர் வாசலைத் தாண்டவில்லை.

மூன்றாவது கோடையில் லோர்னா பொறுமையிழந்தாள். பனிக்காலத்துக்கு முன்னால் அவளுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை.

"இந்த வருஷமும் போகலேன்னா வித்துடுவேன், டெல்மர். அப்புறம் அந்த மேல் படுக்கைக்கு என்னைக் கிரேன் வெச்சுத்தான் ஏத்தணும்."

"கதவுக்கு மட்டும் ஒண்ணு பாக்கி, கண்ணு."

"போன வருஷமும் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு!"

ஒரு சனிக்கிழமை காலை, கதவுக்கு வெளியே இரும்புப் பட்டை வைத்துப் பதினோராவது பூட்டையும் மாட்டினான். உள்ளிருந்து உதைத்துப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியுமாம். கூரையை இறக்கிவிட்டு, தவழ்ந்து உள்ளே போனான். லோர்னா எல்லாவற்றையும் பூட்டினாள். அந்த நேரம் பார்த்து அடுப்பிலிருந்த ரொட்டி கருகும் வாடை வர, சாவிக்கொத்தோடு வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்தால் கேம்பரைக் காணோம். அதைச் சுமந்த வண்டியையும் காணோம்.

வண்டிச் சாவியா? வண்டியில்தான் இருந்தது. எங்கள் ஊரில் வேறெங்கே இருக்கும்?

அடுத்த வீட்டுக்காரியாகப் பிறந்த பாவத்துக்கு நான்தான் என் காரை எடுத்தேன். ஷெரீப்பின் ஆள் வந்து சேர நேரமாகும் என்றார்கள். கேம்பரில் டெல்மர் ஒளித்துவைத்த கருவி, அது போகும் வழியை லோர்னாவின் போனில் காட்டிக்கொண்டிருந்தது. நடுவில் டெல்மரே கூப்பிட்டான்.

"லோர்னா! என்னைத் திருடிட்டுப் போறான்!"

"தட்டிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கை வீங்கிப்போச்சு! அவன் பாட்டு போட்டுக்கிட்டுப் போறான்!"

நான் சிரித்த சிரிப்பில் கார் பள்ளத்தில் இறங்கப் பார்த்தது. லோர்னா சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்க் ஏரிக்குப் போறான், ஆர்டிஸ்" என்றாள்.

நாங்கள் போனபோது வண்டி ஏரிக்கரையில் நின்றது. வளைந்த ஸ்க்ரூடிரைவரோடு ஒருவன் கேம்பர் கதவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, சாவி உன்கிட்ட இருக்கா? எறங்கிப் போயிடுய்யா, ஒண்ணும் பண்ணமாட்டேன்!"

"சாவி இருந்தா நான் ஏன்டா உள்ள கெடக்கேன்?"

எங்களைக் கண்டதும் திருடன் மரங்களுக்குள் ஓடிவிட்டான். பாவம், அவனுக்கும் அன்று நல்ல நாளில்லை.

"லோர்னாவா? தொற, சீக்கிரம் தொற!"

லோர்னா கையில் சாவிக்கொத்து இருந்தது. அவள் போய்க் கரையோரப் பாறையில் உட்கார்ந்தாள்.

"தொறக்கிறேன். கொஞ்சம் இரு."

"எதுக்கு இருக்கணும்?"

"நான் மூணு வருஷம் இருந்தேன்ல? நீ கூட்டிட்டு வராத எடத்துக்கு ஒரு திருடன் ஒரே காலையில வந்துட்டான்."

அவள் கன்னம் நனைந்திருந்ததைப் பார்த்தபிறகுதான் என் சிரிப்பு நின்றது. எனக்கே அந்தப் பெட்டியை உதைக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து சின்னக் குரல் கேட்டது.

"லோர்னா, ஏரி எப்படி இருக்கு?"

"வந்துதான் பாரேன்" என்றாள். எழுந்து, நொண்டி நொண்டிப் போய்க் கதவுப் பூட்டைத் திறந்தாள்.